பரண் மேல் கிடந்த விலைப்பட்டியல்

2024 மார்ச்சில் தாராவியில் வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் சந்தில் எல்லார் வீட்டுப் பரணும் ஒரே வாரத்தில் கீழே இறங்கியது. காகிதம் தேட வேண்டுமே! தரைத்தளத்தில் இருப்பவர்கள் 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்பே இங்கே குடியிருந்ததாகக் காட்டினால்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது ஏற்பாடு. ஐம்பது, அறுபது வருடம் இந்த மண்ணிலே கிடந்தவர்கள் எல்லாம் பழைய ரேஷன் கார்டு எங்கே, கரண்ட் பில் எங்கே என்று பெட்டி பெட்டியாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டுப் பரணிலிருந்தும் ஒரு தகரப்பெட்டி இறங்கியது. அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1961-ல் ரயிலேறியபோது தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்த பெட்டி. பச்சைப் பெயின்ட் அடித்தது. மூடியில் ஒரு ரோஜாப்பூ இருந்ததாக ஞாபகம். இப்போது துருதான் பூத்திருக்கிறது. மாஹிமில் இருக்கும் அக்காவும் வந்திருந்தாள். இரண்டு பேருமாக மூடியை நெம்பித் திறந்தோம்.

மேலாகவே கிடந்தது ஒரு பழைய விலைப்பட்டியல். முப்பத்திரண்டு பக்கம். அட்டை போய்விட்டது. அதனால் கம்பெனியின் பெயரும் போய்விட்டது.

“இதக் காட்டினா வீடு குடுப்பானாக்கும்?” என்று அக்கா சிரித்தாள்.

கொடுக்க மாட்டான். ஆனாலும் ரேஷன் கார்டை மறந்துவிட்டு, அறுபதைத் தொடுகிற நாங்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

இலவசமாகக் கிடைத்த புத்தகம்

இன்றைய பிள்ளைகளுக்கு விலைப்பட்டியல் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தக் காலத்தில் குமுதம், ராணி, கல்கண்டு போன்ற பத்திரிகைகளின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் விளம்பரங்கள் வரும். தபால் தலை அனுப்பினால் படங்களுடன் கூடிய விலைப்பட்டியல் இலவசம் என்று போட்டிருப்பார்கள். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிற வீடு எங்கள் சந்தில் ஒன்றோ இரண்டோ. மற்றவர்களுக்கெல்லாம் சலூன்தான் வாசகசாலை. முடி வெட்டப் போன அப்பா, விளம்பரத்திலிருந்த முகவரியைப் பீடிக்கட்டுத் தாளில் குறித்துக்கொண்டு வந்தார். அப்படி வந்ததுதான் இது.

எங்கள் வீட்டில் பாடப்புத்தகம் தவிர்த்து இருந்த ஒரே புத்தகம் இதுதான் என்றால் மிகையில்லை. நான் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். டார்ச், அம்பர்லா, மவுத் ஆர்கன், பவுண்டன் பென் என்று நான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படித்தது இதன் பக்கங்களில்தான். படம் பக்கத்திலேயே இருந்ததால் வாத்தியார் தேவைப்படவில்லை.

இதை வைத்து நாங்கள் ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். திறந்த பக்கத்தில் விரல் படுகிற பொருள் அவரவர்க்குச் சொந்தம். அக்காவுக்குப் பெரும்பாலும் கண் மூடித் திறக்கும் பொம்மை விழும். அந்தப் பக்கம் கொஞ்சம் மடிந்திருந்தது காரணம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது! எனக்கு எந்நேரமும் மண்ணெண்ணெய் ஸ்டவ். ஒரு தடவை பல்செட் கழுவுகிற கிண்ணம்.

இப்படி வீட்டில் இருந்துகொண்டே கடை பார்க்கும் வழக்கம் இங்கே புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார்களுக்காக லண்டன் ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் 1891-லேயே பம்பாயில் கடை திறந்தது. அதன் விலைப்பட்டியல் செங்கல் கனத்துக்கு இருக்கும். கட்டடம் காலா கோடாவில் இன்றும் அதே பெயரோடு நிற்கிறது. அமெரிக்காவில் சியர்ஸ் கம்பெனி 1888-ல் கடிகாரத்துக்கு விலைப்பட்டியல் அச்சிட ஆரம்பித்து, பிறகு ஊசி முதல் முழு வீடு வரைக்கும் தபாலில் விற்றது. ஆம், வீடேதான்! மரத்தை அளவாக அறுத்து, எண் போட்டு, ரயிலில் அனுப்பிவிடுவார்களாம். ஆணி உட்பட. அந்தப் பெரிய பட்டியல் 1993-ல் நின்றபோது அங்கேயும் கிழவர்கள் கண் கலங்கியிருப்பார்கள். வீட்டையே விலைப்பட்டியலில் தேர்ந்தெடுத்த கதையை அக்காவிடம் சொன்னேன். “நமக்கு மட்டும் ரேஷன் கார்டு கேக்கான்” என்றாள்.

“வி.பி.பி. வந்திருக்கு!”

தபாலில் பொருள் வாங்குவதற்கு நம் ஏழைகளுக்குத் துணிச்சல் கொடுத்தது வி.பி.பி. என்ற மூன்றெழுத்து. சாமானைத் தபால்காரர் கொண்டுவருவார். பணத்தைக் கட்டினால் கையில் தருவார். தபால் இலாகா அந்தப் பணத்தை அனுப்பியவருக்குச் சேர்த்துவிடும். இந்தியாவில் இந்த முறை 1877-ல் வந்தது. மணியார்டர் தபால் இலாகாவுக்கு வந்ததே அதற்கு மூன்று வருடம் கழித்து, 1880-ல்தான். முன்பணம் அனுப்பிவிட்டு ஏமாறுவோமோ என்ற பயம் வாங்குகிறவருக்கு இல்லை. விற்கிறவருக்கும் கடன் பயம் இல்லை.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. பணத்தைக் கட்டிய பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும். அந்த ஓட்டைக்குள் நுழைந்து வியாபாரம் செய்தவர்கள் ஏராளம்.

உங்களில் பலர் அந்தப் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பது கட்டம். ஒன்று முதல் ஒன்பது வரை எண்களை நிரப்ப வேண்டும். எப்படிக் கூட்டினாலும் பதினைந்து வர வேண்டும். சரியாக எழுதியவருக்கு டிரான்சிஸ்டர் ரேடியோ பரிசு. நடுக்கட்டத்தில் ஐந்தைப் போட்டுவிட்டால் மற்றது தானாக வந்துவிடும். நான்காம் வகுப்புப் பையன் செய்வான். செய்தேன். பக்கத்து வீட்டு மாமாவின் பெயரில் வடநாட்டு முகவரி ஒன்றுக்கு அனுப்பினோம். பதினைந்தாம் நாள் பதில் வந்தது. மாமா வெற்றி பெற்றுவிட்டார்! டிரான்சிஸ்டரைப் பாதி விலைக்கே தருகிறார்களாம், வி.பி.பி.யில் வருமாம்.

மாமா தோல் ஷாப்பில் தினக்கூலி. சீட்டுப் பணத்தில் எடுத்து வைத்திருந்ததைத் தபால்காரரிடம் எண்ணிக் கொடுத்தார். சந்தே கூடி நின்றது. பார்சலுக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் காகிதம், காகிதத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. திருகினால் திரும்புகிற குமிழ் இருந்தது. இழுத்தால் நீளுகிற கம்பி இருந்தது. பாடத்தான் இல்லை. தொண்ணூறடி ரோட்டில் ரேடியோ ரிப்பேர் செய்பவர் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு, “இதுல ரிப்பேர் பண்றதுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, உள்ள ஏதாவது இருந்தாத்தானே கெட்டுப்போகும்” என்றார்.

மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பெட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதன் தலையில் விபூதிக் கிண்ணத்தை வைத்தார். கணக்குப் போட்டுக் கொடுத்த நான்தான் மாதக்கணக்கில் அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது ஓடினேன்.

மேத்யூ ரோட்டைத் தேடி

இதில் வேடிக்கை என்னவென்றால், நாடெங்கும் தபாலில் போன பொருள்களில் பாதி நம் பம்பாயிலிருந்துதான் போனது போல எங்களுக்குத் தோன்றும். புல்வொர்க்கர் விளம்பரம் ஞாபகமிருக்கிறதா? ஜெர்மனியில் கண்டுபிடித்த தேகப்பயிற்சிக் கருவி. ஒரு குழாய், உள்ளே சுருள்வில், இருபுறமும் இழுக்கக் கம்பி. தினம் ஐந்தே நிமிடம் போதும் என்று சொல்லி, மார்பு விம்மிய ஒருவர் படத்தைப் போட்டிருப்பார்கள். கூப்பனை வெட்டி அனுப்ப வேண்டிய முகவரி மேத்யூ ரோடு, பம்பாய் 400 004.

ஊரிலிருந்து என் சித்தி மகன் இன்லண்ட் லெட்டர் எழுதினான். ‘நீ பம்பாயில்தானே இருக்கிறாய், நேரில் போய்ப் பார்த்து, அது நிஜமாகவே வேலை செய்யுமா என்று எழுது’ என்று. ஊர்க்காரர்களுக்குப் பம்பாய் என்றால் ஒரே தெரு. அதில் ஒரு முனையில் விக்டோரியா டெர்மினஸ், மறுமுனையில் லேபர் கேம்ப்!

நானும் என் கூட்டாளி ஒருவனும் மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் லோக்கல் ஏறி சர்னி ரோட்டில் இறங்கினோம். டிக்கெட் எடுத்தோமா என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு மேத்யூ ரோட்டைக் கண்டுபிடித்தோம். கண்ணாடி ஷோகேஸில் பத்து புல்வொர்க்கர் நிற்கும், தொட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துப் போனவர்களுக்கு ஷோகேஸே இல்லை. அந்தத் தெருவில் இருந்தவை எல்லாம் மற்றத் தெருக்களில் இருப்பதைப் போன்ற கட்டடங்கள். செருப்பில்லாத காலோடு மாடிப்படி ஏறத் தைரியம் வரவில்லை. திரும்பிவிட்டோம். தம்பிக்கு, ‘நன்றாக வேலை செய்கிறது, நான் பார்த்தேன்’ என்று எழுதினேன். ஊரில் பம்பாய்க்காரனுக்கு இருந்த மரியாதையைக் காப்பாற்ற வேண்டாமா?

அதுதான் எங்கள் நிலைமை. கன்னியாகுமரிப் பையனுக்கும் காஷ்மீர்ப் பையனுக்கும் தபாலில் கிடைத்த பொருள், சில மைல் தள்ளி இருந்த எங்களுக்குக் கிடைக்கவில்லை. 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்ததும் அந்த 400 004-க்கும் எங்கள் மாட்டுங்காவின் 400 019-க்கும் பதினைந்துதான் வித்தியாசம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

உண்மையில் எங்களிடம் இருந்தவை

அப்படியானால் லேபர் கேம்ப்பில் பிள்ளைகளிடம் ஒன்றுமே இல்லையா? யார் சொன்னது! பெட்டியின் அடியில் ஒரு மாவு டப்பா இருந்தது. திறந்ததும் அக்கா கத்திவிட்டாள். சோடாக் கோலி ஆறு. சிவகாசித் தீப்பெட்டி மேல்படம் ஒரு கட்டு. பெஸ்ட் பஸ் டிக்கெட் ரப்பர் போட்டு ஒரு கட்டு. தியேட்டர் குப்பையில் பொறுக்கிய பிலிம் துண்டுகள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் எம்.ஜி.ஆரின் அரை முகம். பம்பரத்து ஆணி மட்டும் தனியே. பிறகு ஒரு பிளாஸ்டிக் யானை, ஒரு ஒட்டகம், வாலில்லாத ஒரு நரி.

அந்த மிருகங்கள் பினாக்கா பற்பசையோடு வந்தவை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பினாக்கா டப்பாவுக்குள் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பொம்மை இருக்கும். அதே பினாக்காவின் பெயரில்தான் ரேடியோ சிலோனில் 1952 முதல் அமீன் சயானி கீத்மாலா நடத்தினார். 2024 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது இந்தி தெரியாத எங்கள் சந்துக் கிழவர்கள்கூட அவர் குரலைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நாங்கள் பினாக்காவில் பல் தேய்த்தவர்கள் அல்ல. எங்களுக்கு அடுப்புக்கரி, சம்பளம் வந்த வாரம் குரங்கு மார்க் கறுப்புப் பற்பொடி. அம்மா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு வங்கி குமாஸ்தா வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். நம் தமிழ்க் குடும்பந்தான். அந்த வீட்டுப் பையனுக்கு ஒரே பொம்மை இரண்டாவதாக வந்துவிட்டால் அம்மாவின் முந்தானை முடிச்சில் அது லேபர் கேம்ப் வந்து சேரும். அதனால்தான் எங்களிடம் சிங்கம் கிடையாது. சிங்கம் யாருக்கும் இரண்டாவதாக வராது போலிருக்கிறது.

படக்கதைகளும் அப்படித்தான். இந்திரஜால் காமிக்ஸ் 1964 முதல் 1990 வரை பம்பாயிலேயே, விக்டோரியா டெர்மினஸுக்கு எதிரே இருக்கும் டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்திலிருந்து வந்தது. முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியில் ‘இரும்புக்கை மாயாவி’யோடு ஆரம்பித்தது. சிவகாசிக்காரன் தூரம், பம்பாய்க்காரன் பக்கம். ஆனால் எங்களுக்குக் கிடைத்தது மாயாவிதான்! விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிற யாராவது ரயிலில் படிக்க வாங்கி வந்திருப்பார்கள். அது கைமாறிக் கைமாறி, கடைசி பக்கம் கிழிந்து, முடிவு தெரியாமலேதான் என்னிடம் வரும்.

இன்னொரு கடையும் எங்களுக்கு இருந்தது. தாராவியின் 13-வது காம்பவுண்டு. மும்பையின் உடைந்த பிளாஸ்டிக் எல்லாம் வந்து சேருகிற இடம். வாளி, டப்பா, பொம்மை என்று பாராமல் நிறம் நிறமாகப் பிரித்து, அரைத்து, கழுவி, காய வைத்து, உருக்கி மறுபடி மணிமணியாக மூட்டை கட்டுவார்கள். மலபார் ஹில் பிள்ளைகளின் பொம்மைகளுக்கும் கடைசிச் சடங்கு இங்கேதான். மெஷினில் விழுவதற்கு முன் ஒரு கை நுழைத்துப் பொறுக்கினால் கையில்லாத பொம்மையோ சக்கரமில்லாத காரோ அகப்படும். அங்கே வேலை பார்த்த நம் ஊர்ப் பெண்கள் கண்டும் காணாததுபோல் இருப்பார்கள். தங்கள் பிள்ளைக்கும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இப்போது சோர் பஜாரில் அந்தப் பினாக்கா மிருகங்களையும் பழைய மர்பி ரேடியோ காலண்டரையும் கண்ணாடிக்குள் வைத்து விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் காரில் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் வாலில்லாத நரிக்கு அங்கே விலை இருக்காது என்று நினைக்கிறேன்.

விலைப்பட்டியல் முற்றிலும் ஒழிந்துவிட்டதா என்றால், நம்மவர்களிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. தீபாவளிக்கு முன் சிவகாசியிலிருந்து வரும் பட்டாசு விலைப்பட்டியல். மற்றதெல்லாம் போனுக்குள் போய்விட்டது. 2010-ல் பிளிப்கார்ட் ‘பொருள் வந்த பிறகு பணம்’ என்று அறிவித்தபோது பெரிய புதுமை என்று பேசினார்கள். வி.பி.பி.யைப் பார்த்தவர்களுக்கு அது பழைய பெருங்காயமே. இன்று எங்கள் சந்தின் முனையில் முதுகில் மூட்டை சுமந்த பையன், ஒரு நாளைக்குப் பத்து முறை வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். வீட்டுக்குள் இருந்து எட்டிப் பார்க்கக்கூட யாரும் வருவதில்லை. அன்றைக்குத் தபால்காரர் குரல் கேட்டால் சந்தே வெளியே வரும்.

1977 ஜூன்

இனி என் சொந்தக் கோபம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த அட்டையில்லாத விலைப்பட்டியல் கம்பெனி மீது எனக்கு நாற்பத்தேழு வருடப் பகை இருந்தது.

1977 ஜூன். மழை தொடங்கியிருந்தது, பள்ளிக்கூடம் திறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா விலைப்பட்டியலை எடுத்து வரச் சொன்னார். கடைசித் தாளில் ஆர்டர் பாரம் இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் எழுத வராது. நான்தான் எழுதினேன், பெரிய எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு. எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ், ரூ. 6.50. அக்காவுக்குக் கண் மூடித் திறக்கும் பொம்மை, ரூ. 14. அம்மாவுக்குக் குடை, ரூ. 18.25. தபால் செலவு ரூ. 4. மொத்தம் ரூ. 42.75. முகவரி: மாட்டுங்கா லேபர் கேம்ப். அப்பா அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார்.

ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் தபால்காரர் வந்தாரா என்று கேட்பேன். அம்மா அந்த மழைக்காலம் முழுக்கப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்தாள். “கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் போலிருக்கு” என்றார் அப்பா. மாமாவின் டிரான்சிஸ்டரைப் பார்த்திருந்த எனக்கு அது புதுமையாகப் படவில்லை. பாரத்தைக் கிழித்துக் குப்பையில் போட்ட ஒரு கம்பெனி மானேஜரை நானே மனத்தில் உண்டாக்கி வைத்துக்கொண்டு, அவரைப் பல வருடம் சபித்தேன். ஆகஸ்டில் அப்பா ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் கொண்டுவந்தார். காம்பஸ் உண்டு, டிவைடர் இல்லை. மூடியின் உள்பக்கம் யாரோ ஒரு பையனின் பெயர் ஊசியால் கீறியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

சென்ற வருடம் பெட்டியின் அடியில் நியூஸ் பேப்பரைத் தூக்கினால், அந்த ஆர்டர் பாரம் இருக்கிறது. என் கையெழுத்து. மடித்த மடிப்புக்கூட அப்படியே. அதோடு குண்டூசியால் குத்தியிருந்தது ஒரு மணியார்டர் சீட்டு.

மணியார்டர் அனுப்பியவர்களுக்குத் தெரியும், பணத்தை வாங்கிக்கொண்டவர் கையெழுத்திட்ட சீட்டு அனுப்பியவருக்கே திரும்பி வரும். இதில் ரூ. 50 என்று இருந்தது. 1977 ஜூன் தபால் முத்திரை. கையெழுத்துப் போடும் இடத்தில் நீல மையில் பெரிய கட்டைவிரல் ரேகை. எங்கள் ஆச்சியினுடையது. அந்த ஜூனில் தாத்தா படுக்கையில் விழுந்து, ஆடி முடிவதற்குள் போய்விட்டார். 1880-ல் தொடங்கிய அந்தக் காகித மணியார்டரும் 2015-ல் போய்விட்டது.

“அப்ப அப்பா பாரத்த அனுப்பவே இல்ல” என்றேன்.

“எனக்குத் தெரியும்ல” என்றாள் அக்கா.

“எப்படி?”

“மணியார்டர் பாரம் எழுதினது யாருங்க? நாந்தானே. ஒங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு. நீ அழுவியாம்.”

அவளுக்கு அப்போது பதிமூன்று வயது. பொம்மை வராது என்று தெரிந்துகொண்டே, தபால்காரர் வந்தாரா என்று தினமும் என்கூட வாசலுக்கு வந்து நின்றிருக்கிறாள். அப்பாவைக் கேட்கலாம் என்றால், அவர் போய் இருபது வருடம் ஆகிறது, அம்மாவும் இல்லை.

ரேஷன் கார்டு அதற்கும் அடியில் இருந்தது. எண்பதுகளில் கொடுத்த கார்டு, ஓரம் செல்லரித்திருந்தாலும் பெயரும் முகவரியும் பழுதில்லை. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டேன். அக்கா ஆர்டர் பாரத்தையும் கைநாட்டுச் சீட்டையும் குண்டூசியைப் பிடுங்காமல் அதே உறைக்குள் செருகினாள். பிறகு விலைப்பட்டியலை எடுத்து, மடிந்திருந்த அந்தப் பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“பதினாலு ரூவாயா போட்டிருக்கான்?” என்றாள். “அந்தக் காலத்துலயே கூடுதல்தான், தம்பி.”